ஒண்டிக்கடை

சேர்வராயன் மலையின்மீது, சுமார் 5,000 அடி உயரத்தில், ஏற்காட்டு ஏரிக்கு அருகே சாலைகள் கூடும் இடத்துக்கு ஒண்டிக்கடை என்று பெயர். இன்று அங்குள்ள கடைகளை எண்ணப் புகுவோர் களைத்துப் போவர். விடுதிகளும், உணவுச் சாலைகளும், காப்பிக் கொட்டையும் மிளகும் விற்கும் அங்காடிகளும் நெருங்கி நிற்கின்றன. கோடை விழாக் காலத்தில் மோட்டார் வண்டிகள் நகர இடமின்றித் திகைக்கின்றன. ஆயினும் பெயர் மட்டும் ஒண்டியாகவே இருக்கிறது. ஊர் முன்பு எவ்வாறிருந்தது என்பதற்கு அப்பெயரினும் சிறந்த சாட்சி வேண்டுவதில்லை.

ஏரியும் காடுமே ஊராக இருந்த காலத்தில் இம்மலைக்கு உரியவர்களாய் வாழ்ந்தோர் மலையாளிகள் எனப்படும் மலைவாசிகள். மலையை ஆள்வோர் என்பதே அச்சொல்லின் பொருள். மலையாள நாட்டுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து சகோதரர் மூவர் புறப்பட்டு வந்தனரென்றும், மூத்தவரின் சந்ததியார் இம்மலையில் குடியேறினரென்றும் அவர்கள் சொல்லி வருகின்றனர். இங்கே கிடைத்துள்ள புதிய கற்காலக் கோடரிகளோ, மனித வாசம் இம்மலையில் அதனினும் மிகப் பழமையானது என்று காட்டுகின்றன. பல்லாவரத்தில் 1863-இல் கற்கருவியைக் கண்டறிந்த ராபர்ட் புரூஸ் பூட் தமது முதுமைக் காலத்தை இவ்வூரில்தான் கழித்தார்.

1820-களில் சேலம் ஜில்லா கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து பயிரிட்டார். அன்று தொடங்கியது மாறுதல். காடு தோட்டமாயிற்று, தோட்டத்துக்கு வேலி வந்தது, வேலிக்குள் துரைமார் பங்களா எழுந்தது. பிறகு தேவாலயமும், 1917-இல் மான்ட்போர்ட் பள்ளியும் தோன்றின. மலைக்குச் சொந்தக்காரன் அதே மலையில் கூலிக்காரனானான்.

1947-இல் அந்நிய ஆட்சி அகன்றது. தோட்டங்கள் கைமாறின; பங்களாக்கள் விடுதிகளாயின. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காக மலையின் மேனியை வெட்டி பாக்ஸைட் எடுக்கப்பட்டது. துரை போனார், வேலி போயிற்றா என்று நாம் கேட்கிறோம். கடைவீதி வளர்ந்த அளவுக்கு மலைவாசியின் வாழ்வு வளர்ந்ததா? கடைக்காரர்களில் அவர்கள் எத்தனை பேர், பாத்திரம் கழுவுவோரில் எத்தனை பேர் என்று ஒண்டிக்கடையில் ஒரு நாழிகை நின்று பார்ப்போர்க்கு விடை தானே விளங்கும். சட்டசபைத் தொகுதி அவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருப்பது மெய்யே. வாக்குச் சீட்டு கையில் இருந்து, காலடி நிலத்துக்குப் பத்திரம் இல்லையெனில் அச்சுதந்திரம் பாதிச் சுதந்திரமே.

கடைவீதி வளரலாகாது என்று நாம் கூறவில்லை. மலைக்கு வருவோரால் பலருக்குப் பிழைப்பு உண்டு; அதைத் தடுப்பது அறமாகாது. ஆனால் மலை பொறுக்கும் பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், பெஞ்சல் புயலால் பெய்த பெருமழையில் சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையுடைய அப்பாதை அறுந்தால் ஊரும் அறுந்தது போலத்தான். அவ்வாண்டிலேயே உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நாம் மறக்கலாகாது. வரம்பு கடந்தபின் வைத்தியம் தேடுவதைவிட, வருமுன் காப்பதே மேலானது.

சட்டத்துக்குக் குறைவில்லை. மலைப்பகுதிக் கட்டடங்களைக் கட்டுப்படுத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-இலேயே அமைக்கப்பட்டது. வனவாசிகளின் உரிமையை ஒப்புக்கொள்ளும் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. ஏட்டிலுள்ள சட்டம் மலையேறி வரவேண்டும்; அவ்வளவே நமது கோரிக்கை. ஒவ்வொரு கட்டட அனுமதியும் கிராம சபையில் பகிரங்கமாகப் படிக்கப்படட்டும். ஏரியில் ஒரு துளிக் கழிவுநீரும் கலவாதிருக்கட்டும். உரிமையுள்ள குடும்பத்துக்குப் பட்டா தாமதமின்றிக் கிடைக்கட்டும். கடைவீதியில் மலைவாசிகள் தம் விளைபொருளைத் தரகரின்றி விற்க நிலையான இடம் ஒதுக்கப்படட்டும்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைவாசிகள் திரண்டு உச்சிக்கு ஏறுகின்றனர். அன்று ஒரு நாள் மலை அவர்களுடையதாகக் காட்சியளிக்கிறது. எஞ்சிய நாட்களிலும் அவ்வாறே இருக்கச் செய்வது, தேசத்தின் பெயரால் பேசும் நம் அனைவரின் கடனாகும். ஒற்றைக் கடை நூறு கடையாயிற்று; அந்த நூற்றில் ஒன்றேனும் மலையின் மைந்தனுக்கு உரியதாக வேண்டாமா?