காவல்காரன் வீட்டில் குடியேறிய கிருமி

ஐஸ்லாந்தில் கோடை முழுக்க மலையில் மேய்ந்த செம்மறிகளை இலையுதிர் காலத்தில் கீழே ஓட்டி வருவார்கள். 1930-களின் இறுதியில், அந்த மந்தைகளில் சில ஆடுகள் மட்டும் பின்தங்கின. நான்கடி நடந்தாலே விலா துடிக்க மூச்சிரைத்தன. செத்த ஆட்டை அறுத்துப் பார்த்தால், நுரையீரல் இயல்பைவிட இரண்டு மூன்று மடங்கு கனத்தது. விவசாயிகள் அதை 'மைதி' என்றார்கள்; அவர்கள் மொழியில் மூச்சிரைப்பு. வேறு சில ஆடுகளுக்குப் பின்னங்கால்கள் தளர்ந்தன. அது 'விஸ்னா', வாடிப்போதல். இரண்டுக்கும் காரணம் ஒரே வைரஸ்.

1933-இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வாங்கிவந்த 20 கரகுல் செம்மறிகளோடு அது வந்திருந்தது. தனித்தீவில் அடைத்துவைத்துத்தான் ஊருக்குள் விட்டார்கள். ஆனால் நோய் தலைகாட்டப் பல ஆண்டுகள் ஆகும். சில வாரக் காவலில் என்ன தெரியும்? இந்த நிதானத்தைக் கவனித்த ஐஸ்லாந்து ஆய்வாளர் பியோர்ன் சிகுர்ட்சன், 1954-இல் 'மெதுத் தொற்று' என்ற கருத்தை முன்வைத்தார். இந்த ஆட்டு வைரஸும் எச்.ஐ.வி.யும் லென்டிவைரஸ் என்ற ஒரே பிரிவைச் சேர்ந்தவை என்பது பின்னாளில் தெரிந்தது.

ஆட்டின் உடம்பு சும்மா இருந்ததா? இல்லை. அதன் செல்களில் பிறவியிலேயே 'அப்போபெக்-3' என்ற புரதங்கள் உண்டு. வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் பெயர்த்தெழுதும்போது, இவை இடையில் புகுந்து எழுத்தை மாற்றிவிடும். பிழை மலிந்த பிரதியால் புது வைரஸ் உருவாகாது.

வைரஸும் லேசுப்பட்டதல்ல. அதன் 'விஃப்' புரதம் அப்போபெக்கைப் பிடித்து, செல்லின் சொந்தக் கழிவகற்றும் ஏற்பாட்டிடமே ஒப்படைத்துவிடுகிறது. இதற்கு எச்.ஐ.வி. கூட்டுச் சேர்ப்பது செல்லின் ஒரு புரதத்தை. ஆட்டு வைரஸோ சைக்ளோஃபிலின்-ஏ என்ற வேறொன்றை. ஆள்தான் வேறு, தந்திரம் ஒன்று.

ஆட்டு வைரஸ் தங்கும் இடம் இன்னும் விசேஷம். கிருமிகளை விழுங்கவே பிறந்த மேக்ரோஃபேஜ் செல்கள்தான் அதன் வீடு. அவை ரத்தத்தில் மோனோசைட்டாகத் திரியும்வரை வைரஸ் சத்தமில்லாமல் படுத்திருக்கும். நுரையீரலுக்கோ மூளைக்கோ போய் முதிர்ந்ததும் பெருகத் தொடங்கும். ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் இருந்தும் பயனில்லை; திருடன் ஒளிந்திருப்பது காவல்காரன் வீட்டில்.

உடம்புக்குள் தோற்ற சண்டையை ஐஸ்லாந்து வெளியில் முடித்தது. நாட்டைக் குறுக்காக வேலிகளால் பிரித்தார்கள். நோய் கண்ட பகுதிகளில் மந்தைகளை முழுசாக வெட்டி, நோயில்லாத பகுதியிலிருந்து குட்டிகளைக் கொண்டுவந்தார்கள். சுமார் 6.5 லட்சம் ஆடுகள் போயின. 1965-க்குப் பிறகு அங்கே மைதி இல்லை. மருந்தோ தடுப்பூசியோ இன்றும் கிடையாது.