பென் டிரைவ் ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ கேட்கிறதா? ஓகே கொடுக்கும் முன் ஒரு நிமிடம்!

கல்யாணப் படங்கள் இருக்கும் பென் டிரைவை கம்ப்யூட்டரில் செருகியதும் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். ‘இந்த டிரைவில் பிரச்னை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யவா?’ என்று கேட்கும். சிலர் படிக்காமலேயே மூடிவிடுவார்கள். சிலர், ‘நல்லதுக்குத்தானே கேக்குது’ என்று உடனே ஓகே கொடுத்துவிடுவார்கள். பல நேரங்களில் இரு தரப்புக்கும் ஒன்றும் ஆகாது. ஆகும் நாளில், உள்ளே இருந்த படங்களில் பாதியைக் காணாது. அந்த இடத்தில், யாருமே உருவாக்காத ‘ஃபவுண்ட்.000’ என்ற ஃபோல்டர் மட்டும் உட்கார்ந்திருக்கும்.

சரிசெய்ய வந்த கருவியே படங்களைத் தூக்கிவிட்டதா? ஒருவகையில் ஆமாம். ஆனால், அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. அந்த வேலை என்ன என்று தெரிந்துகொள்ளாமல் விட்டதுதான் சிக்கல்.

நிலமும் பட்டாவும்

ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், மெமரி கார்டு எதுவானாலும் உள்ளே இரண்டு சமாசாரங்கள் உண்டு. ஒன்று, நம் படங்களும் பாட்டுகளும் ஆவணங்களும். இன்னொன்று, எந்த ஃபைல் எந்த இடத்தில் கிடக்கிறது என்று எழுதிவைத்திருக்கும் பதிவேடு. இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஃபைல் சிஸ்டம் என்று பெயர். நிலமும் பட்டாவும் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ, பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்கினாலோ, நிலத்தில் வீடு கட்டியாகிவிட்டது, பட்டாவில் பெயர் ஏறவில்லை என்ற நிலைமை உருவாகும். சில நேரம் ஒரே சர்வே நம்பருக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடுவதுபோல, ஒரே இடத்தை இரண்டு ஃபைல்கள் தமது என்று சொல்லும்.

விண்டோஸில் இருக்கும் ‘செக்டிஸ்க்’, லினக்ஸில் இருக்கும் ‘எஃப்எஸ்சிகே’, மேக்கில் டிஸ்க் யுட்டிலிட்டிக்குள் இருக்கும் ‘ஃபர்ஸ்ட் எய்டு’ மூன்றுமே பதிவேட்டைப் புரட்டி முரண்பாடுகளைத் திருத்தும் அதிகாரிகள். பதிவேட்டில் குழப்பம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கவலை. உங்கள் பாட்டியின் குரல் பதிவான ஃபைல் முழுசாக மீள வேண்டும் என்பது அவர்கள் வேலைப்பட்டியலிலேயே கிடையாது. திருத்த முடியாத பதிவு என்றால் ஒரே கோடாக அடித்துவிட்டு, ‘இப்போது பிரச்னை எதுவும் இல்லை’ என்று அறிக்கை கொடுத்துவிடுவார்கள். கணக்கு சரி, காணி காலி!

சொந்தக்காரர் தெரியாமல் கிடக்கும் துண்டுகளைச் சேர்த்து வைக்கும் இடம்தான் அந்த ‘ஃபவுண்ட்.000’. உள்ளே ‘ஃபைல்0000.சிஹெச்கே’ என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். லினக்ஸில் இதே வேலைக்கு ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ ஃபோல்டர் உண்டு. வைரஸ் என்று பயந்து இதை அழிப்பவர்கள் இருக்கிறார்கள், அழிக்க வேண்டாம். விண்டோஸில் இது மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால், ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ காட்டும் வசதியை ஆன் செய்தால்தான் தெரியும். துண்டை வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்து, பெயரின் கடைசியை ‘ஜேபிஜி’ என்று மாற்றினால் சில படங்கள் அப்படியே திறக்கும். எல்லாம் திறக்காது.

முதலில் பார்வை, அப்புறம் பேனா

இந்த அதிகாரியின் கையில் பேனாவைக் கொடுக்காமல், பார்வையிட மட்டும் அனுப்பலாம். பலருக்கும் தெரியாத வசதி இது. ஸ்டார்ட் மெனுவில் ‘சிஎம்டி’ என்று தேடி, கமாண்ட் பிராம்ப்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறக்க வேண்டும். சி, ஹெச், கே, டி, எஸ், கே என்ற ஆறு ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, டிரைவின் எழுத்து, ஒரு கோலன். அவ்வளவுதான். இப்படிக் கொடுத்தால் செக்டிஸ்க் படிக்க மட்டுமே செய்யும். பிழை இருந்தால், ‘இருக்கிறது, ஆனால் நான் திருத்தவில்லை’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

பிழை இருக்கிறது என்று தெரிந்தால், முதல் வேலை படங்களை வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்வது. திறக்கிற ஃபைல்கள் எல்லாம் இந்தக் கட்டத்திலேயே வெளியே வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் ‘/எஃப்’ சேர்த்து, திருத்தச் சொல்ல வேண்டும். வழியில், ‘சொந்தக்காரர் இல்லாத துண்டுகளை ஃபைலாக மாற்றவா?’ என்று கேட்டால் ‘ஒய்’ அழுத்துவது நல்லது. ‘என்’ அழுத்தினால் அந்த இடங்கள் காலி மனையாக அறிவிக்கப்பட்டுவிடும்.

பென் டிரைவுகளும் கேமரா கார்டுகளும் இதில் அதிகம் மாட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. 1993-ல் விண்டோஸ் என்டி-யுடன் வந்த ‘என்டிஎஃப்எஸ்’, 2001-ல் லினக்ஸில் சேர்ந்த ‘ஈஎக்ஸ்டி3’ போன்றவை, பதிவேட்டில் கை வைக்கும் முன் ‘இதைச் செய்யப்போகிறேன்’ என்று தனியாக ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொள்ளும். கரண்ட் போய் வந்தாலும் அதைப் பார்த்துப் பதிவேட்டைச் சரிசெய்துகொள்ளும். பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ‘ஃபேட்32’, ‘எக்ஸ்ஃபேட்’ இரண்டுக்கும் இந்த நாட்குறிப்புப் பழக்கம் இல்லை.

‘/ஆர்’ என்று இன்னொரு எழுத்தும் உண்டு. டிஸ்க்கின் ஒவ்வோர் இடத்தையும் படித்து, கெட்டுப்போன பகுதிகளைக் கண்டுபிடிக்கும். வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 1 டிபி டிஸ்க்கை முடிக்க ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் ஆகும். அதுவும் ஆரோக்கியமான டிஸ்க்குக்கு. ‘டிக்... டிக்’ என்று சத்தம் போடும், ஒரு ஃபோல்டரைத் திறக்கவே நிமிடக்கணக்கில் இழுக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ‘/ஆர்’ கொடுப்பது, மூச்சுத் திணறும் மனிதரை மாடிப்படி ஏறச் சொல்வதற்குச் சமம். இங்கே பழுது பதிவேட்டில் இல்லை, நிலத்திலேயே. அந்த டிஸ்க்கை எவ்வளவு குறைவாகப் படிக்கிறோமோ அவ்வளவு நல்லது. டேட்டா மீட்புத் தெரிந்தவர்கள் ‘டிடிரெஸ்க்யூ’ போன்ற கருவியால், நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் நகலெடுத்துக்கொண்டு, ரிப்பேரை அந்த நகலில் செய்து பார்ப்பார்கள்.

மருந்தே நோயான டிசம்பர்

2020 டிசம்பரில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு, சில கம்ப்யூட்டர்களில் ‘/எஃப்’ கொடுத்து செக்டிஸ்க் ஓட்டியபோது ஃபைல் சிஸ்டமே பழுதாகி, மெஷின் பூட் ஆகாமல் நின்றது. மைக்ரோசாஃப்ட்டே இதை ஒப்புக்கொண்டு, பின்னர் சரிசெய்தது. மாட்டிக்கொண்டவர்களுக்கு நிறுவனம் சொன்ன வழி என்ன தெரியுமா? ரெக்கவரி கன்சோலுக்குப் போய், அங்கிருந்து மறுபடியும் அதே ‘/எஃப்’ கொடுக்க வேண்டும்! பாதிக்கப்பட்டவை சொற்ப மெஷின்கள்தான். இருந்தாலும், காப்பி எடுக்காமல் ரிப்பேரில் இறங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆன் செய்ததுமே ஓடுகிறதே?

விண்டோஸ் குடியிருக்கும் சி டிரைவை, விண்டோஸ் ஓடும்போதே திருத்த முடியாது. அதனால், ‘அடுத்த முறை ஆன் செய்யும்போது பார்க்கவா?’ என்று கேட்கும். பிழைக் குறி விழுந்திருந்தால் கேட்காமலேயே தொடங்குவதும் உண்டு. ஒரு கீயை அழுத்தி நிறுத்தச் சில வினாடிகள் தரும். லேப்டாப்பில் 10 சதவிகிதம் சார்ஜ், வெளியே இடி, மின்னல் என்றால் அந்தச் சில வினாடிகள் ரொம்ப முக்கியம். பதிவேட்டைத் திருத்திக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது, காப்பியின் நடுவில் போவதைவிட மோசம்.

அந்த அவகாசத்தை நீட்டிக்க முடியும். அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்டில் சி, ஹெச், கே, என், டி, எஃப், எஸ் என்று அடித்து, இடைவெளி விட்டு ‘/டி:30’ கொடுத்தால் 30 வினாடி காத்திருக்கும். இந்த ‘டி’ டைம் என்ற சொல்லின் முதல் எழுத்து. ‘/எக்ஸ்’ போட்டு டிரைவின் எழுத்தைச் சேர்த்தால், அந்த டிரைவை ஆன் செய்யும்போது தொடாது. இதில் ஒரு சூட்சுமம்: இன்று டி டிரைவையும் நாளை இ டிரைவையும் விலக்கினால், நாளை சொன்னது மட்டுமே நிற்கும். இரண்டும் வேண்டுமென்றால் ஒரே கட்டளையில் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய நிலைக்குத் திரும்ப ‘/டி’ போதும். இந்த ‘டி’ டீஃபால்ட்டின் டி. காதுக்கு ஒன்றுதான், கீபோர்டில் வேறு எழுத்து!

லினக்ஸ் வீடுகளில்...

தமிழக அரசு 2011-ல் வழங்கத் தொடங்கிய இலவச லேப்டாப்கள் விண்டோஸுடன் ‘பாஸ் லினக்ஸ்’ஸும் சேர்ந்தே வந்தன. அப்படி அறிமுகமாகி லினக்ஸிலேயே தங்கிவிட்டவர்களுக்கு எஃப்எஸ்சிகே பழகிய பெயராக இருக்கும். 1970-களில் பெல் ஆய்வகத்தில் டெட் கோவால்ஸ்கி எழுதிய கருவியின் வாரிசு அது.

இதில் மூன்று எழுத்துகளைத் தெரிந்துகொண்டால் போதும். ‘-என்’ என்றால் எல்லாக் கேள்விக்கும் ‘வேண்டாம்’, அதாவது பார்வை மட்டும். ‘-பி’ என்றால் ஆபத்தில்லாத திருத்தங்களை மட்டும் தானாகச் செய்யும், பெரிய சிக்கல் வந்தால் நின்று ஆளைக் கூப்பிடும். ‘-ஒய்’ என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டல். அவசரத்தில் எல்லோரும் தேடுவது மூன்றாவதைத்தான், கடைசியில் தொட வேண்டியதும் அதுதான். மவுன்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கில் ரிப்பேர் ஓட்டவே கூடாது. ஒரே பதிவேட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும்!

எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பது என்பதும் நம் கையில்தான். இப்போது புதிதாக ஃபார்மேட் செய்யும் ‘ஈஎக்ஸ்டி4’ டிஸ்க்குகளில் இந்தக் கெடு பொதுவாக அணைக்கப்பட்டே வருகிறது. ‘டியூன்2எஃப்எஸ்’ கட்டளையில் ‘-சி 30’ கொடுத்தால் 30 முறை மவுன்ட் ஆனதும், ‘-ஐ 6எம்’ கொடுத்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் சோதனை நடக்கும். இது நடக்க ‘எஃப்எஸ்டாப்’ ஃபைலில் அந்த டிஸ்க்குக்கான வரியின் ஆறாவது எண் 0 ஆக இருக்கக் கூடாது. 0 என்றால் சோதனையே வேண்டாம் என்று அர்த்தம். சிஸ்டம் இருக்கும் பகுதிக்கு 1, மற்றவற்றுக்கு 2.

போன் கேட்டாலும்...

‘எஸ்டி கார்டு பழுது, ஃபார்மேட் செய்யவும்’ என்று மொபைல் சொன்னால் சம்மதிக்காமல் கார்டைக் கழற்றிவிடுங்கள். கார்டு ரீடரில் போட்டு கம்ப்யூட்டரில் பாருங்கள். போனில் திறக்காத கார்டு அங்கே திறந்தால், முதலில் படங்களை காப்பி செய்துவிட்டு, பிறகு ‘/எஃப்’ கொடுக்கலாம். அங்கேயும் ‘ஃபார்மேட் செய்’ என்றே கேட்டு, செக்டிஸ்க்கும் ‘ரா டிரைவ், என்னால் முடியாது’ என்று கைவிரித்தால், பதிவேட்டின் முதல் பக்கமே போயிருக்க வாய்ப்பு உண்டு. பக்கம் போனாலும் படங்கள் உள்ளேயே இருக்கலாம். புதிதாக எதையும் எழுதாமல், அந்தக் கார்டை அப்படியே டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோக வேண்டும். ஃபார்மேட் செய்துவிட்டுக் கொண்டுபோனால் அவருடைய வேலையும் கஷ்டம், பில்லும் கூடும்.