வத்திப்பெட்டி ஊரும் செவப்பு வண்டியும்!

விம்கோ நகருக்குப் பெயர் கொடுத்ததே வத்திப்பெட்டி கம்பெனிதான். 1923-ல் சுவீடன் நாட்டு முதலாளிகள் தொடங்கிய ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’யின் சுருக்கமே விம்கோ. நெருப்பை விற்ற ஊர்! பக்கத்து எண்ணூரிலோ அசோக் லேலண்ட். அந்தக் கம்பெனி சேசிஸ் மேலே தொட்டி கட்டி, செவப்பு பெயிண்ட் அடித்து ஓடும் ஃபயர் என்ஜின்கள் ஏராளம்.

சென்னையில் தீயணைப்புப் படை அமைந்தது 1908-ல். ஆறே வருஷத்தில் வந்தது சோதனை! 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் கப்பல் ‘எம்டன்’ குண்டு வீசியது. பர்மா ஆயில் டாங்கிகள் பற்றி எரிந்தன.

எண்ணெய்த் தீயில் தண்ணியைக் கொட்டினால் எண்ணெய் மேலே மிதந்து பரவும். நுரைதான் அடிக்கணும். 1969-ல் ஓடத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் நுரை வண்டியும் சொந்த ஆட்களும் இருப்பது இதற்காகத்தான்.

சம்பளம் வாங்காத தொண்டர்களும் உண்டு. 1968-ம் வருஷ சிவில் டிபன்ஸ் சட்டப்படி திரட்டப்படும் தொண்டர்களுக்கு தீயணைப்பும் ஒரு பயிற்சி.

உயிரைப் பணயம் வைக்கும் வேலை இது. 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தது. அணைக்கப் போன வீரர்களில் 66 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் அதே தேதியில் தீயணைப்பு நிலையங்களில் அஞ்சலி நடக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2017 ஜூலையில் கொடுங்கையூர் பேக்கரியில் தீ. கேஸ் சிலிண்டர் வெடித்து வீரர் ஒருவர் பலியானார். வேடிக்கை பார்க்கக் கூடிய ஜனத்திலும் பலருக்குத் தீக்காயம்!

கூப்பிட வேண்டிய நம்பர் 101. போன் போட்டதும் வண்டி புறப்பட்டுவிடும். திருவொற்றியூர் ஹைரோட்டில் லாரிகள் வழி விடணுமே, அதுதான் பெரும்பாடு!