நாற்பதைத் தாண்டி வந்த வில்லன்

ஆலன் ரிக்மன் நடித்த முதல் சினிமா வெளியானபோது அவருக்கு 42 வயது. அப்பா வேடம் வந்தால் ஒப்புக்கொள்ளலாமா என்று பல நடிகர்கள் யோசிக்க ஆரம்பிக்கும் வயது அது. இவரோ அந்த ஒரே படத்தில் ஹாலிவுட்டின் மறக்க முடியாத வில்லன்களில் ஒருவராகிவிட்டார். ‘ஹாரி பாட்டர்’ பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஸ்னேப் வாத்தியார் என்றால்தான் ஆளைத் தெரியும்.

லண்டனின் ஆக்டன் பகுதியில் 1946-ல் ஒரு தொழிலாளியின் வீட்டில் பிறந்தவர். 8 வயதில் அப்பாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். நான்கு பிள்ளைகளையும் அம்மாதான் ஆளாக்கினார். ஓவியக் கல்லூரியில் படித்து, நண்பர்களோடு கிராஃபிக் டிசைன் கம்பெனி ஆரம்பித்தார். அதையும் விட்டுவிட்டு, 26 வயதில் ‘ராடா’ நாடகப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். படிக்கும்போது கைச்செலவுக்காக ரால்ஃப் ரிச்சர்ட்சன், நைஜல் ஹாதோர்ன் போன்ற பெரிய நடிகர்களுக்கு மேடைக்குப் பின்னால் உடை எடுத்துக் கொடுக்கும் வேலையும் பார்த்தார். நடிப்பில் பாதியை அங்கேயே கற்றிருப்பார் என்பது என் ஊகம்.

1985-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி ‘லே லியேசான் டேஞ்சரஸ்’ நாடகத்தை மேடையேற்றியது. பெண்களை ஏமாற்றுவதையே பொழுதுபோக்காகக் கொண்ட பிரபு வால்மோன் வேடம் ரிக்மனுக்கு. நாடகம் 1987-ல் பிராட்வேக்குப் போனது. டோனி விருதுக்கு அவர் பெயர் பரிந்துரையானது. ஆனால் அதே கதை சினிமாவானபோது வால்மோன் வேடம் ஜான் மால்கோவிச்சுக்குப் போய்விட்டது. ரிக்மனுக்குக் கிடைத்தது அவருடைய முதல் சினிமாவான ‘டை ஹார்ட்’. இரண்டுமே 1988-ல்தான் வெளியாயின. இதில் நஷ்டப்பட்டவர் ரிக்மன் என்று எனக்குத் தோன்றவில்லை.

‘டை ஹார்ட்’ வில்லன் ஹான்ஸ் க்ரூபர் கோட்டும் சூட்டுமாக வருவாரே, அந்த யோசனை ரிக்மனுடையது. தீவிரவாதி என்றால் முரட்டு உடைதான் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அந்த சூட் இருந்ததால்தான், பிணைக்கைதிகளில் ஒருவனைப் போல் ஹான்ஸ் நாயகனிடமே நாடகமாடும் காட்சி சாத்தியமானது. கடைசியில் கட்டடத்திலிருந்து விழும் காட்சியில், எண்ணி முடிக்கும் முன்பே அவரைக் கீழே விட்டுவிட்டார்கள் என்பார்கள். திரையில் அந்த முகத்தில் தெரியும் அதிர்ச்சி முழுக்க நடிப்பில்லை.

1991-ல் வந்த ‘ராபின் ஹுட்’ பாஃப்டா விருதை வாங்கித் தந்தது. ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் மென்மையான கர்னல். ‘ரஸ்புதின்’ படத்துக்கு எம்மி, கோல்டன் குளோப் இரண்டும் வந்தன. ஆஸ்கருக்கு மட்டும் ஒரு முறைகூடப் பரிந்துரை இல்லை.

2001-ல் ‘ஹாரி பாட்டர்’ முதல் படம் வந்தபோது கடைசி நாவல் வெளிவர இன்னும் ஆறு வருடம் இருந்தது. ஸ்னேப் யார் பக்கம் என்று வாசகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கதாசிரியர் ரௌலிங் ரிக்மனிடம் மட்டும் ஒரு குறிப்பை முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஒரு காட்சியை ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று இயக்குநர்கள் கேட்டாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. இப்போது முதல் படத்தைத் திரும்பப் பாருங்கள், வார்த்தைக்கு வார்த்தை அவர் விடும் இடைவெளிக்கு வேறு அர்த்தம் கிடைக்கும்.

சொந்த வாழ்க்கையிலும் அதே நிதானம்தான். 1965-ல், 19 வயதில், அமெச்சூர் நாடகக் குழுவில் ரீமா ஹார்ட்டனைச் சந்தித்தார். ரீமா பொருளாதார விரிவுரையாளராக வேலை பார்த்தவர். லேபர் கட்சிக்காக லண்டனில் கவுன்சிலராகவும் இருந்தவர். இருவரும் கல்யாணம் செய்துகொண்டது 2012-ல், நியூயார்க்கில். விருந்தினர் யாரும் கிடையாது. முடிந்ததும் புரூக்ளின் பாலத்தில் நடந்து போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். 200 டாலருக்கு அவர் வாங்கித் தந்த மோதிரத்தை ரீமா போடுவதே இல்லையாம். இதையெல்லாம் ரிக்மன் வெளியில் சொன்னதே 2015-ல்தான்.

2016 ஜனவரி 14 அன்று, 69 வயதில், கணையப் புற்றுநோயால் காலமானார். 1993 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்புகள் 2022-ல் புத்தகமாயின. பின்னுரை ரீமாவுடையது. சினிமாக்காரர்களைப் பற்றியும் தன்னைப் பற்றியும் ரிக்மன் அவற்றில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். உடன் நடித்தவர்களில் சிலருக்கு அது இனித்திருக்காது.