மைலேஜ் மட்டும் பார்த்தா மாட்டிக்குவோம்: ஆபீஸ் போக ஒரு செகண்ட் ஹேண்ட் கார்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

"பைக்ல ஆபீஸ் போய் முதுகு போச்சு, மூணு நாலு லட்சத்துல ஒரு பழைய கார் வாங்கலாமா?"ன்னு யோசிச்சுட்டு இருக்கிறவங்களுக்குத்தான் இன்னைக்கு எபிசோட். தாராளமா வாங்கலாம். ஆனா நான் முதல் தடவை வாங்கின மாதிரி வாங்காதீங்க.

அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன். 2019-ல எனக்கு வீடு தாம்பரம், ஆபீஸ் சோழிங்கநல்லூர். போக வர 40 கிலோமீட்டர். மழையில ஒருநாள் மேடவாக்கம் பக்கம் பைக் வழுக்கி விழுந்தேன். அம்மா பயந்துபோய், சீட்டு எடுத்து 2,80,000 ரூபாயைக் கையில குடுத்தாங்க. கார் பார்க்கப் போன இடத்துல நான் கேட்ட ஒரே கேள்வி, "மைலேஜ் எவ்வளவு?" விற்றவர், "டீசல் தம்பி, அசால்ட்டா 25 குடுக்கும்"னார். ஒன்பது வருஷப் பழைய வண்டி. வாங்கிட்டேன். டிராஃபிக்ல 17-தான் குடுத்தது. ஏழாவது மாசம் டர்போவும் இன்ஜெக்டரும் போச்சு. பில் 52,000. அந்த ஏழு மாசத்துல மைலேஜால மிச்சமான காசு அதுல கால்வாசிகூட இல்ல.

அப்போ புரிஞ்சதுதான் இன்னைக்கு விஷயம்: பழைய கார்ல காசை மிச்சப்படுத்துறது மைலேஜ் இல்ல, வண்டியோட நிலைமை.

முதல்ல கணக்கு

மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு வச்சுக்குவோம். 16 குடுக்குற வண்டிக்கு மாசம் 6,250 ரூபாய். 18 குடுக்குற வண்டிக்குச் சுமார் 5,550. வித்தியாசம் 700 ரூபாய், வருஷத்துக்கு 8,400. அந்த 2 கிலோமீட்டருக்காக 60,000 ரூபாய் அதிகம் குடுத்து வாங்கினா, போட்ட காசை எடுக்கவே ஏழு வருஷம் ஆகும்.

இன்னொண்ணு கவனிங்க. 10 குடுக்குற வண்டியை விட்டுட்டு 12 குடுக்குறதை எடுத்தா, 1,000 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 17 லிட்டர் மிச்சம். 20-லேருந்து 22-க்குப் போனா வெறும் 4.5 லிட்டர்தான். அதனால ரொம்பக் குடிக்கிற பெரிய வண்டியைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிஞ்சது. சின்னக் கார்களுக்குள்ள ஒண்ணு ரெண்டு கிலோமீட்டருக்கு மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

விளம்பரத்துல வர்ற ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ், லேப்ல உருளை மேல வண்டியை ஓட்டி, ஏ.சி. போடாம எடுக்கிற அளவு. நம்ம ஊர் வெயில்ல ஏ.சி. போட்டு, சிக்னலுக்குச் சிக்னல் நின்னு போனா அந்த எண் வராது. இப்போ பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலந்து வருது. எத்தனால்ல பெட்ரோலைவிட எரிசக்தி மூணுல ஒரு பங்கு குறைவு. அதனாலயும் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். சொன்ன மைலேஜ்ல 30 சதவீதத்தைக் கழிச்சுட்டுக் கணக்குப் போடுங்க, மனசு உடையாது.

டீசலா, பெட்ரோலா?

தினமும் 40 கிலோமீட்டர், அதுவும் நெரிசல்லன்னா என் ஓட்டு பெட்ரோலுக்குத்தான். பழைய டீசல்ல டர்போ, இன்ஜெக்டர், பம்ப்னு எதைத் தொட்டாலும் பில் பெருசு. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டியில புகைக்கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர் இருக்கும். அது சுத்தமாக வண்டி அப்பப்போ ஹைவேஸ்ல கொஞ்ச நேரம் ஓடணும். ஊருக்குள்ளயே உருட்டிட்டு இருந்தா அடைச்சுக்கும்.

மாடல்னு கேட்டா வேகன் ஆர், செலேரியோ, கிராண்ட் ஐ10 பெட்ரோல் மாதிரி தெருவுக்குத் தெரு ஓடுற வண்டியா எடுங்க. ஸ்பேர் சுலபமா கிடைக்கும், எந்த ஏரியா மெக்கானிக்கும் கை வைப்பார். முடிஞ்சா 2019 ஜூலைக்கு அப்புறம் தயாரான வண்டி பாருங்க. அப்போதிலிருந்துதான் டிரைவர் ஏர்பேக் எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயம் ஆச்சு. அதுக்கு முன்னாடி வந்த விலை குறைஞ்ச மாடல்கள் பலதுல ஏர்பேக்கே கிடையாது. பைக்ல விழுந்த பயத்துலதானே கார் பார்க்குறோம்? அப்போ இதைக் கேட்காம விடக்கூடாது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

"நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா ஏன்னு கேளுங்க. ஸ்டார்ட் பண்ணினதும் நீலப் புகை வந்தா இன்ஜின் ஆயிலைக் குடிக்குது. வெள்ளைப் புகை நிக்காம வந்துட்டே இருந்தா கூலன்ட் உள்ளே போகுதான்னு சந்தேகப்படணும். ஆயில் மூடிக்கு அடியில காபி நிறத்துல பிசுபிசுப்பு இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

மீட்டர் 32,000 காட்டுது, ஆனா பிரேக் பெடல் ரப்பர் தேய்ஞ்சு வழவழன்னு இருக்குன்னா நம்பாதீங்க. சர்வீஸ் ரெக்கார்டைக் கேட்டு வாங்கிப் பாருங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319-னு இருந்தா 2019-ல 23-வது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். நாலு டயரும் மாத்த வேண்டிய நிலைமைன்னா அந்தச் செலவை விலையில கழிக்கச் சொல்லுங்க.

சென்னையில கண்டிப்பா பார்க்க வேண்டியது வெள்ளம். 2015 டிசம்பர்லயும், 2023-ல மிக்ஜாம் புயலப்பவும் எத்தனையோ கார் தண்ணியில நின்னுச்சு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க, சேறு படிஞ்ச கோடு இருக்கான்னு பாருங்க. மிதியடியைத் தூக்குங்க, ஸ்டெப்னி இருக்கிற குழியைப் பாருங்க. பழைய காருக்குள்ள ரூம் ஸ்ப்ரே வாசனை தூக்கலா அடிச்சா, எதை மறைக்கிறாங்கன்னு யோசிங்க.

கடைசியா, தெரிஞ்ச மெக்கானிக்குக்கு ஆயிரம் ரூபாய் குடுத்தாவது கூட்டிட்டுப் போங்க. "மெக்கானிக் எல்லாம் எதுக்குங்க"ன்னு சொல்ற ஆள்கிட்ட வாங்காதீங்க.

பேப்பர்

எம்பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், லோன் இருக்கா, இன்சூரன்ஸ் எப்போ முடியுதுன்னு பாருங்க. இ-சலான் பாக்கி இருக்கான்னும் பாருங்க. லோன் இருந்து அடைச்சிருந்தா பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வேணும். பேர் மாத்த ஃபார்ம் 29, 30. பி.ஒய். நம்பர் வண்டி விலை குறைவா இருக்கேன்னு பாயாதீங்க. ஒரு வருஷத்துக்கு மேல இங்கே ஓட்டணும்னா டி.என். நம்பருக்கு மாத்தணும், இங்கே வரி கட்டணும். 15 வருஷத்தைத் தொடுற வண்டின்னா ஆர்.சி. புதுப்பிக்கிற செலவும் சேரும்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுத்துடுங்க. நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருக்குச் சொந்தம், வண்டியோட வராது. அதனால பிரீமியம் ஏறும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அந்த டீசல் காரை விற்றப்போ ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு நான் பாட்டுக்கு வந்துட்டேன். வாங்கினவர் பேரே மாத்தல. ஒரு வருஷம் கழிச்சு என் போனுக்குச் சலான் வருது. நல்லவேளை, சலானோட போச்சு. ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓனர், விபத்து நஷ்டஈட்டுக்கும் அவங்கதான் பொறுப்புன்னு சுப்ரீம் கோர்ட் 2018-லயே சொல்லியிருக்கு.

கையில் கொஞ்சம் வைங்க

மூன்றரை லட்சம் இருந்தா மூணு லட்சத்துக்குள்ள வண்டி பாருங்க. மிச்ச 50,000 பேட்டரி, டயர், கிளட்ச், இன்சூரன்ஸ், பேர் மாத்துற செலவுக்கு. நான் அம்மா குடுத்த மொத்தப் பணத்தையும் வண்டியில போட்டதால, டர்போ பில்லுக்குக் கிரெடிட் கார்டு தேய்க்க வேண்டி வந்துச்சு. அதை அடைக்க எட்டு மாசம்.

அடுத்து நான் வாங்கினது ஒரு பெட்ரோல் கார். ஊருக்குள்ள 15-தான் குடுக்குது. ஆனா நாலு வருஷமா ஆயில், பிரேக் பேட், ஒரு பேட்டரி தவிர வேற செலவு வைக்கல. யாராவது "மைலேஜ் எவ்வளவு?"ன்னு கேட்டா இப்பவும் கொஞ்சம் கூச்சமாத்தான் சொல்றேன். அம்மா மட்டும் அதைக் கேட்கிறதே இல்ல. மழை வந்தா, "கார்லதானே போயிருக்கே?"ன்னு மட்டும் கேட்பாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். பார்த்து ஓட்டுங்க.