வெற்றிடத்தில் ஒரு காடு!

இரவு வானை அண்ணாந்து பார்க்கும்போது விண்மீன்கள் நம் கண்ணைக் கவர்கின்றன. விண்மீன் மண்டலங்களுக்கு இடையேயுள்ள பெருவெளியில் ஒன்றுமே இல்லை என்று எண்ணுகிறோம். அது தவறு! பேரண்டத்தின் சாதாரணப் பொருளில் பெரும்பகுதி அங்கேதான் மெல்லிய வாயுவாகப் பரவியுள்ளது.

கண்ணுக்குப் புலப்படாத இவ்வாயுவை எவ்வாறு அறிவது? வெகு தொலைவிலுள்ள குவாசர்களின் ஒளியே நமக்கு விளக்கு. வழியிலுள்ள ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை உறிஞ்சுகிறது. பேரண்டம் விரிவதால், பயணம் செய்யும் ஒளியின் அலைநீளமும் நீண்டுகொண்டே வருகிறது. ஆகவே ஒவ்வொரு வாயுத்திரளும் நிறமாலையில் வெவ்வேறு இடத்தில் கருங்கோடு பதிக்கிறது. அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தைச் சேர்ந்த ரோஜர் லிண்ட்ஸ் 1971-இல் இக்கோடுகளுக்கு இவ்விளக்கத்தை அளித்தார். மரங்கள்போல் நெருங்கி நிற்கும் இவற்றிற்கு 'லைமன்-ஆல்பா காடு' என்று பெயர்.

இக்காட்டில் பேரண்டத்தின் இரகசியங்கள் மறைந்துள்ளன. எடுத்துக்காட்டாக, நியூட்ரினோ என்னும் நுண்துகளின் நிறை கூடினால், பொருள் திரள்வது சிறிது குறையும்; கோடுகளின் அமைப்பும் மாறும். எனவே கணிப்பொறிக்குள் மாதிரி அண்டங்களைப் படைத்து, அவற்றின் காட்டை உண்மைக் காட்டோடு ஒப்பிட வேண்டும். ஆனால் ஒரு நல்ல மாதிரிக்கே ஆயிரக்கணக்கான செயலிகள் பல நாள் உழைக்க வேண்டும். ஒப்பிடத் தேவைப்படுபவையோ இலட்சக்கணக்கில்!

இங்கேதான் 'எமுலேட்டர்' என்னும் புள்ளியியல் முறை கைகொடுக்கிறது. கவனமாகத் தேர்ந்த சில பத்து மாதிரிகளை மட்டும் கணித்துவிட்டு, இடைப்பட்டவற்றின் விடையை அது நொடியில் மதிப்பிடுகிறது. தென்னாப்பிரிக்கப் பொறியாளர் டேனி கிரிக் 1951-இல் வெளியிட்ட முறை இதற்கு ஒரு முன்னோடி. சில இடங்களில் துளையிட்டுக் கண்ட தங்கத்தின் அளவைக் கொண்டு, துளையிடாத இடத்தின் வளத்தை அவர் மதிப்பிட்டார்.

எமுலேட்டர் விடையோடு நிற்பதில்லை. அவ்விடை எவ்வளவு பிழைபடலாம் என்பதையும் சொல்கிறது. கணித்த மாதிரிகளுக்கு அருகில் ஐயம் குறைவு. விலகிச் சென்றால் அதிகம். இதைப் புறக்கணித்தால், நம் மதிப்பீட்டின் பிழையையே நியூட்ரினோவின் புதிய பண்பு என்று உலகுக்கு அறிவித்துவிடுவோம்!

அதே கிட் பீக் மலையில் 2021-இல் 'டெசி' என்னும் கருவி தன் பெரும் அளவைப் பணியைத் தொடங்கியது. 2024-இல் வெளியான அதன் முதலாண்டு ஆய்வில் 4,20,000-க்கும் மேற்பட்ட குவாசர்களின் ஒளி இடம்பெற்றது. அளவீடு நுட்பமாக நுட்பமாக, நம் மதிப்பீட்டில் உள்ள சிறு பிழையும் பெரிதாகிவிடும்.

"இவ்வளவு அறிந்தோம்" என்பதோடு, "இவ்வளவு தவறியிருக்கலாம்" என்றும் சொல்வதே அறிவியலின் நேர்மை. அந்த நேர்மையை, தோழியரே, நம் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டிலிருந்தே பழகுவோமா?