கணித பாடத்தில் செயற்றிட்டங்கள்: அலங்காரமா, கணிதமா?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் வேளைகளிலெல்லாம் கணித பாடத்தில் சித்தியடையத் தவறியோர் பற்றிய கவலை எழுவதும், சில வாரங்களில் அக்கவலை அடங்கிப்போவதும் வழமையாகிவிட்டது. பரிகாரமாக முன்வைக்கப்படுபவையும் ஏறத்தாழ ஒன்றேதான்: மேலதிக வகுப்புக்கள், கடந்தகால வினாத்தாள்கள், மீண்டும் மேலதிக வகுப்புக்கள். ஒன்பதாம் தரத்திலேயே மனத்தளவில் கணிதத்தைக் கைவிட்டுவிட்ட மாணவன் அவ்வகுப்புக்களில் அமர்ந்திருக்கிறானேயன்றிப் பங்குபற்றுவதில்லை. அவனை மீண்டும் பாடத்தினுள் அழைத்துவருவதற்கு ஆக்கத்திறன் சார்ந்த செயற்றிட்டங்கள் உதவக்கூடும்.

இது புதிய யோசனையன்று. 2007ஆம் ஆண்டு அறிமுகமான தேர்ச்சி மையக் கலைத்திட்டமும், பாடசாலை மட்டக் கணிப்பீட்டு முறையும் இதனையே வலியுறுத்தின. ஆனால் நடைமுறையில் நாம் கண்டதென்ன? பிரிஸ்டல் அட்டையில் பைதகரசின் படத்தை ஒட்டி, கீழே தேற்றத்தை வர்ண மையினால் எழுதி, சுவரில் மாட்டுவது செயற்றிட்டமாகிவிட்டது. பல வீடுகளில் அவ்வேலையைச் செய்து முடித்தவர் தாயாராகவோ மூத்த சகோதரராகவோ இருந்தார். அட்டை அழகாக இருந்தது. அதில் கணிதம் இருக்கவில்லை.

ஆகவே ஒரு செயற்றிட்டம் தகுதியானதா என அறிய ஆசிரியர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். கணக்கைச் செய்யாமல் இவ்வேலையை முடிக்க இயலுமா? இயலுமாயின் அது சித்திர பாடத்துக்குரியது.

கோலத்தை எடுத்துக்கொள்வோம். நமது பாடநூல்களே ஓர் அலகுக்கு 'எண் கோலங்கள்' எனப் பெயரிட்டிருக்கின்றன. எனினும் வாசலில் போடப்படும் கோலம் வகுப்பறைக்குள் வருவது அரிது. நடுவரிசையில் 7 புள்ளிகளும், மேலும் கீழும் 5, 3, 1 என இறங்கும் வரிசைகளும் கொண்ட கோலத்தில் மொத்தம் 25 புள்ளிகள் உள்ளன. நடுவரிசை 21 ஆயின் எத்தனை? ஒவ்வொன்றாக எண்ண முற்படும் மாணவி விரைவில் சலிப்படைவாள். அச்சலிப்பே இங்கு ஆசிரியருக்குத் துணை. 1, 3, 5, 7 என்னும் ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை 16, அதாவது 4இன் வர்க்கம். மறுபக்கத்து 5, 3, 1 என்பன 9, அதாவது 3இன் வர்க்கம். இதனைக் கண்டுகொண்டவளுக்கு 21 புள்ளிக் கோலம் 11இன் வர்க்கமும் 10இன் வர்க்கமும் சேர்ந்த 221 என்பது தாளில் வரையாமலே தெரிந்துவிடும். கூட்டல் விருத்தியின் கூட்டுத்தொகைக்கு இதைவிட நல்ல வாயில் கிடைப்பது கடினம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ற் சிரோமணியும் அவரது சகாக்களும் 1970களில் கோலங்களைக் கணினி விஞ்ஞான நோக்கில் ஆராய்ந்தனர் என்பதும் மாணவர் அறியவேண்டிய செய்தியே.

இஸ்லாமியக் கலையின் கேத்திரகணித வடிவங்களும் இவ்வாறானவையே. ஒரே வகை ஒழுங்கான பல்கோணியைக் கொண்டு இடைவெளியின்றித் தளத்தை நிரப்ப முக்கோணி, சதுரம், அறுகோணி ஆகிய மூன்றினால் மாத்திரமே முடியும். ஐங்கோணியின் அகக்கோணம் 108 பாகை. அது 360ஐ மீதியின்றி வகுக்காது. அட்டையில் ஐங்கோணிகளை வெட்டி அடுக்கிப் பார்க்கும் மாணவன், மூன்று துண்டுகளின் பின் எஞ்சும் 36 பாகை இடைவெளியைக் கையினாலேயே உணர்வான். அந்த ஐந்து மடிப்புச் சமச்சீரைப் பாரசீகக் கலைஞர்கள் வேறு வடிவங்களைத் துணைகொண்டு கையாண்டனர். இஸ்பஹானில் 1453இல் கட்டப்பட்ட தர்பி இமாம் அடக்கத்தலத்தின் சுவர் வேலைப்பாட்டை ஆராய்ந்த பீற்றர் லூ, போல் ஸ்ரைன்ஹார்ட் ஆகியோர், நவீன கணிதம் இருபதாம் நூற்றாண்டிற் கண்ட ஒழுங்குக்கு அது மிக நெருங்கியது என 2007இல் எடுத்துக்காட்டினர்.

அட்சரகணிதத்துக்குப் பெயர் தந்த அல்குவாரிஸ்மியின் ஒன்பதாம் நூற்றாண்டு நூலில் கணிசமான பகுதி வாரிசுரிமைப் பங்கீடு பற்றியது என்பதைப் பலர் அறியார். மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் மாத்திரம் வாரிசுகளாக இருப்பின், கடன்கள் தீர்ந்தபின் மனைவிக்கு 1/8, மகனுக்கு 7/16, மகள் ஒவ்வொருவருக்கும் 7/32. இறந்தவரின் தாயாரும் உயிருடன் இருந்தால் அவருக்கு 1/6 சேர்கிறது. எல்லாப் பங்குகளும் மாறுகின்றன. சொத்தை 96 பங்காக்கினால் மனைவிக்கு 12, தாயாருக்கு 16, மகனுக்கு 34, மகள்மாருக்குப் பதினேழு பதினேழு. பொது மடங்குகளுட் சிறியது எதற்கு என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. (மார்க்கத் தீர்ப்புக்களை இஸ்லாம் பாட ஆசிரியரிடம் விட்டுவிடுவதே முறை.)

வகுப்பறைக்கு வெளியே செய்யத்தக்கவற்றுள் உயரம் அளத்தல் பழையதெனினும் பயன் தீர்ந்ததன்று. பாகைமானி, உறிஞ்சுகுழாய், நூல், சிறு கல் ஆகியவற்றால் சாய்வுமானி ஒன்று அமைத்துவிடலாம். பனைமரத்திலிருந்து 20 மீற்றர் தூரத்தில் ஏற்றக்கோணம் 35 பாகை எனில் தாஞ்சன் பெறுமானம் 0.70, கண்மட்ட உயரம் 1.5 மீற்றரையும் கூட்ட, மரம் ஏறத்தாழ 15.5 மீற்றர். பொதுவாகப் பாடம் இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. உண்மையில் இங்குதான் அது ஆரம்பிக்க வேண்டும். வேறு குழுவினர் வேறு விடை பெறுவர். ஒரு பாகை பிழைத்தால் 20 மீற்றர் தூரத்தில் உயரம் அரை மீற்றரால் மாறும். 5 மீற்றர் தூரத்தில் நின்று அளந்தால் அதே பிழை முக்கால் மீற்றராகும். அவ்வாறாயின் எங்கு நிற்பது உத்தமம்? கோணம் 45 பாகையாகும் இடத்தில் என்பதை மாணவரே அட்டவணையிட்டுக் கண்டுபிடிக்கலாம்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதாது என ஆசிரியர்கள் கூறுவதில் நியாயமுண்டு. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் தவணைக்கு ஒரு செயற்றிட்டத்துக்கு மேல் எதிர்பார்ப்பது பொருந்தாது. அதுவும் கற்பிக்கவேண்டிய அலகுக்குப் பதிலாக நடைபெற வேண்டுமேயன்றி மேலதிகச் சுமையாக அன்று. புள்ளி வழங்கும்போது அட்டையை ஒதுக்கிவிட்டு, குழுவில் எவரேனும் ஒருவரை அழைத்து எண்களை மாற்றிக் கேட்கலாம். நடுவரிசை 9 ஆனால் எத்தனை புள்ளிகள், தாயாருடன் தந்தையும் இருந்தால் மகனுக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும். வேலையை வீட்டில் எவர் செய்தார் என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.